சியோனிசம் என்றால் என்ன? இஸ்ரேல் உருவாவதற்கு முன் நடந்த ஐம்பது ஆண்டுச் சண்டை

1897 ஆகஸ்டில் முதல் சியோனிச மாநாட்டை ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடத்துவதாகத்தான் ஏற்பாடு. எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்கள் யூதர்களை வெறுத்தவர்கள் அல்ல, மியூனிக்கில் வாழ்ந்த யூதர்களே. மதத்தால் நாங்கள் யூதர்கள், நாட்டால் ஜெர்மானியர்கள், தனி நாடு என்று பேச்செடுத்தால் எங்கள் விசுவாசத்தையே சந்தேகிப்பார்கள் என்பது அவர்கள் கவலை. ஜெர்மானிய ரப்பிகள் (யூத மதகுருக்கள்) சங்கமும் கண்டன அறிக்கை வெளியிட்டது. வேறு வழியில்லாமல் மாநாடு சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு மாறியது. வந்தவர்கள் சுமார் 200 பேர். எல்லோரும் கறுப்புக் கோட்டும் வெள்ளை டையும் அணிந்துதான் அரங்குக்குள் வர வேண்டும் என்று அமைப்பாளர் தியோடர் ஹெர்ஸல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உலகம் பார்க்கும்போது இது ஒரு நாடாளுமன்றம் போலத் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு.

அதே ஆண்டு அக்டோபரில், அன்றைய ரஷ்யப் பேரரசின் வில்னா நகரில், இன்னொரு யூத அமைப்பு ரகசியமாகத் தொடங்கப்பட்டது. பெயர் 'புண்ட்'. யூதத் தொழிலாளர்களின் சோசலிஸ்ட் கட்சி. பாலஸ்தீனத்துக்கு ஓடுவது தப்பித்தல், வாழும் ஊரிலேயே போராடி உரிமை பெறுவோம் என்றது அது. கிழக்கு ஐரோப்பாவில் நெடுங்காலம் சியோனிஸ்டுகளுக்குச் சமமாக மோதிய கட்சி.

ஆக, சியோனிசத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது யூதர்கள் எல்லோருடைய கருத்தாகவும் தொடங்கவில்லை என்பது. இரண்டாவது, அது ஒரே இயக்கமும் அல்ல. யூதர்கள் ஒரு மதத்தினர் மட்டுமல்ல, ஒரு தேசிய இனம். அவர்களுக்கு அவர்களுடைய பழைய தாயகமான பாலஸ்தீனத்தில் ஓர் இல்லம் வேண்டும். இந்த ஒரு வரியில்தான் எல்லோரும் ஒன்றுபட்டார்கள். அந்த இல்லம் தனி அரசா இல்லையா, யார் தயவில் அமைப்பது, சோசலிசமா சந்தையா, மதத்துக்கு என்ன இடம் என எல்லாவற்றிலும் சண்டை. எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி ஒன்று இருந்தது: அங்கே ஏற்கெனவே வாழும் அரபு மக்களை என்ன செய்வது? ஒவ்வொரு பிரிவும் இதற்கு என்ன பதில் சொன்னது என்று பார்த்துக்கொண்டே போனால் இந்த வரலாறு ஓரளவு பிடிபடும்.

ரஷ்யாவில் விழுந்த விதை

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலக யூதர்களில் ஏறத்தாழ பாதிப்பேர், 50 லட்சத்துக்கும் மேல், ஜார் ஆட்சியின் கீழ் இருந்தார்கள். பேரரசின் மேற்கு ஓரத்தில் குறிப்பிட்ட மாகாணங்களைத் தாண்டி அவர்கள் குடியிருக்கக் கூடாது. 1881-இல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதும் யூதக் குடியிருப்புகள் மீது தாக்குதல் அலை பரவியது. வீடுகள் சூறையாடப்பட்டன. மறு ஆண்டே யூதர்களை இன்னும் இறுக்கும் சட்டங்கள் வந்தன.

ஒடெஸ்ஸாவில் லியோன் பின்ஸ்கர் என்றொரு மருத்துவர் இருந்தார். ரஷ்ய மொழி படித்து, ரஷ்யர்களோடு கலந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அதுவரை நம்பியவர். 1882-இல் அவர் எழுதிய சிறு நூல் நேர் எதிராகப் பேசியது: யூதர்கள் எங்கும் விருந்தாளிகளாகவே இருப்பதால்தான் வெறுக்கப்படுகிறார்கள், தங்களுக்கென்று ஒரு நிலம் வேண்டும், யாரும் கொடுக்க மாட்டார்கள், தாங்களே தேடிக்கொள்ள வேண்டும். 'சியோன் நேசர்கள்' என்று அழைக்கப்பட்ட குழுக்கள் அவரைத் தலைவராக்கின. சியோன் என்பது ஜெருசலேமைக் குறிக்கும் பழைய பெயர். சில நூறு பேர் கப்பல் ஏறி யாஃபா துறைமுகத்தில் இறங்கி ரிஷோன் லெட்சியோன் போன்ற குடியேற்றங்களை அமைத்தார்கள். விவசாயம் தெரியாது, மலேரியா வேறு. பாரிஸ் கோடீஸ்வரர் எட்மண்ட் டி ரோத்சைல்டு பணம் கொட்டாமல் இருந்திருந்தால் அந்தக் கிராமங்களில் பல அப்போதே மூடப்பட்டிருக்கும்.

அளவு புரிய ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் ரஷ்யாவை விட்டு வெளியேறிய யூதர்களில் மிகப் பெரும்பாலோர் போன இடம் அமெரிக்கா. 1914-க்குள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து 20 லட்சம் அளவில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பாலஸ்தீனத்துக்குப் போனவர்கள் சில பத்தாயிரம் பேர்தான்.

பாலஸ்தீனம் அப்போது துருக்கிய ஒட்டோமன் பேரரசின் பகுதி. ஏறத்தாழ 5 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். பெரும்பான்மை அரபு முஸ்லிம்கள், அடுத்து அரபுக் கிறிஸ்தவர்கள். ஜெருசலேம், ஹெப்ரோன், சஃபேத், திபேரியாஸ் ஆகிய நான்கு ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சிறிய யூத சமூகமும் உண்டு. வேதம் படிப்பதும் தொழுவதுமாக இருந்த இந்தப் பழைய யூதர்களுக்குப் புதிதாக வந்த இளைஞர்களைக் கண்டால் ஆகாது. மீட்பரை அனுப்பி ஆண்டவர் செய்ய வேண்டிய வேலையை மனிதன் கையில் எடுப்பதா என்று அவர்களுக்குக் கோபம்.

ஹெர்ஸலின் வழி: மேலிடத்தில் பேசு

ஹெர்ஸல் வியன்னாப் பத்திரிகையாளர். பாரிஸில் செய்தியாளராக இருந்தபோது, செய்யாத குற்றத்துக்காக யூத ராணுவ அதிகாரி ட்ரேஃபஸ் தண்டிக்கப்பட்டதையும் அதைச் சுற்றி எழுந்த யூத வெறுப்பையும் பார்த்தவர். 1896-இல் 'யூத அரசு' என்ற குறுநூலை வெளியிட்டார். பின்ஸ்கர் சொன்னதிலிருந்து கருத்தளவில் இது பெரிதாக வேறுபடவில்லை. வேறுபட்டது செயல்முறை. நாலு குடிசை போட்டுக்கொண்டு திருட்டுத்தனமாகக் குடியேறுவதால் பயனில்லை, முதலில் ஒரு வல்லரசின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும் என்றார். பாசல் மாநாட்டின் தீர்மானம், பொதுச் சட்டத்தால் உறுதிசெய்யப்பட்ட ஓர் இல்லம் என்று கேட்டது. 'அரசு' என்ற சொல் சுல்தானை எரிச்சலூட்டும் என்பதால் கவனமாகத் தவிர்த்தார்கள். ஹெர்ஸல் தன் நாட்குறிப்பில் மட்டும் மனம்விட்டு எழுதினார்: பாசலில் யூத அரசை நிறுவிவிட்டேன், இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஐந்து ஆண்டில் இல்லாவிட்டாலும் ஐம்பது ஆண்டில் எல்லோரும் காண்பார்கள் என்று.

பிறகு கதவு கதவாகத் தட்டினார். 1898-இல் ஜெர்மானிய கைசரை, அதாவது பேரரசரை, ஜெருசலேமிலேயே சந்தித்தார். 1901-இல் ஒட்டோமன் சுல்தானைப் பார்த்து, பேரரசின் கடனை அடைக்க உதவுவதாகச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. 1903-இல் பிரிட்டன் ஒரு மாற்று இடம் காட்டியது. 'உகாண்டா திட்டம்' என்று பெயர் பெற்றாலும் அந்த நிலம் இன்றைய கென்யாவில் இருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரலில் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் யூதர்கள் படுகொலை செய்யப்பட்டிருந்ததால், தற்காலிகப் புகலிடமாகவாவது இதைப் பரிசீலிப்போம் என்றார் ஹெர்ஸல். மாநாடு இரண்டாகப் பிளந்தது. ரஷ்யப் பிரதிநிதிகள் எழுந்து வெளியே போனார்கள். யாரைக் காப்பாற்றத் திட்டம் போட்டாரோ அந்த ரஷ்ய யூதர்களே சியோன் இல்லாத சியோனிசம் வேண்டாம் என்றது அவரை உலுக்கியது. மறு ஆண்டு 44 வயதில் இறந்துபோனார். 1905-இல் அத்திட்டம் முறைப்படி கைவிடப்பட்டது.

அரபு மக்களைப் பற்றி ஹெர்ஸல் என்ன நினைத்தார்? இதற்குக் கையில் ஆவணமே இருக்கிறது. ஜெருசலேமின் முன்னாள் மேயர் யூசுஃப் தியா அல்-காலிதி 1899-இல் பிரான்சின் தலைமை ரப்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். யூதர்களுக்கு அந்த மண்ணோடு உள்ள வரலாற்று உறவை அவர் மறுக்கவில்லை. ஆனால் அங்கே இப்போது வேறு மக்கள் வாழ்கிறார்கள், இது ரத்தத்தில் முடியும், கடவுளின் பெயரால் பாலஸ்தீனத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டார். கடிதம் ஹெர்ஸலிடம் போனது. யூதர்களின் பணமும் அறிவும் வருவதால் உங்கள் சொத்து மதிப்பு உயரும், உங்களை வெளியேற்ற யார் நினைக்கப்போகிறார்கள் என்று பதில் எழுதினார். நிலத்தின் விலை ஏறுவதைப் பற்றியல்ல காலிதி கவலைப்பட்டது. ஹெர்ஸலுக்கு அது புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள விரும்பவில்லை.

அவரைவிடத் தெளிவாகப் பார்த்தவர் இயக்கத்துக்குள்ளேயே இருந்தார். அஹாத் ஹாஅம் என்ற புனைபெயரில் எழுதிய ஆஷர் கின்ஸ்பெர்க். 1891-இலேயே பாலஸ்தீனம் போய்வந்து, அங்கே உழாமல் கிடக்கும் நிலத்தைக் காண்பதே கடினம் என்றும், அரபு மக்களை ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைப்பது பெரிய தவறு என்றும் எழுதினார். எல்லா யூதர்களையும் அங்கே கொண்டுபோக முடியாது. எபிரேய மொழியும் பண்பாடும் தழைக்கும் ஒரு மையம் அங்கே அமைந்தால் போதும் என்பது அவர் நிலை. பண்பாட்டு சியோனிசம் என்பது இதுதான்.

தொழிலாளர் பிரிவு: மண்வெட்டியும் சங்கமும்

1904 முதல் 1914 வரை வந்த அடுத்த அலைதான் பிற்கால இஸ்ரேலின் ஆட்சியாளர்களைக் கொடுத்தது. போலந்தின் புவோன்ஸ்க் ஊரிலிருந்து 1906-இல் வந்த டேவிட் பென் குரியன் அவர்களில் ஒருவர். பெரும்பாலோர் சோசலிஸ்ட் இளைஞர்கள். வியாபாரமும் கடனும் தரகும் யூதனைப் பலவீனமாக்கிவிட்டன, தன் கையால் மண்ணை உழுதால்தான் ஒரு மக்கள்கூட்டம் தேசமாகும் என்று நம்பினார்கள். 1910-இல் கலிலேயக் கடலோரம் தெகானியா எழுந்தது. தனிச்சொத்து இல்லாத கூட்டுப்பண்ணை, அதாவது கிப்புட்ஸ், அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1909-இல் யாஃபாவுக்கு வடக்கே மணல்மேட்டில் டெல் அவிவ் தொடங்கியிருந்தது. பிரார்த்தனைக்கும் படிப்புக்கும் மட்டும் இருந்த எபிரேயம் பள்ளியிலும் கடைத்தெருவிலும் பேச்சுமொழியானது.

இவர்களுடைய 'எபிரேய உழைப்பு' என்ற கொள்கையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். யூதப் பண்ணையில் யூதத் தொழிலாளியே வேலை செய்ய வேண்டும் என்றார்கள். குறைந்த கூலிக்கு அரபுக்காரரை வைத்துச் சுரண்டும் முதலாளியாக நாம் ஆகக் கூடாது என்பது கோட்பாடு. நடைமுறையில் பொருள் என்ன? அதே தோட்டத்தில் அதுவரை வேலை செய்த அரபுத் தொழிலாளிக்கு வேலை போனது. நிலமும் இப்படித்தான் கைமாறியது. 1920-களில் ஜெஸ்ரீல் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியை பெய்ரூட்டில் வாழ்ந்த சுர்சோக் குடும்பம் சியோனிச அமைப்புகளுக்கு விற்றது. பத்திரப்படி எல்லாம் சரி. ஆனால் அங்கே உழுதுகொண்டிருந்த குத்தகை விவசாயிகள் கிராமத்தோடு கிளம்ப வேண்டியிருந்தது. சமத்துவம் பேசிய பிரிவுதான் பிரிவினையை அன்றாட வாழ்க்கைக்குள் கொண்டுவந்தது. என் பார்வையில் இந்த வரலாற்றின் கசப்பான முடிச்சுகளில் இது முக்கியமானது. கெட்ட நோக்கத்தை மட்டும் தேடுபவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

பிரிட்டன் எழுதிக் கொடுத்த கடிதம்

முதல் உலகப்போரில் துருக்கி ஜெர்மனியின் பக்கம். ஹெர்ஸல் தேடிய வல்லரசை அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடித்தவர் சைம் வைஸ்மன். ரஷ்யாவில் பிறந்து மான்செஸ்டரில் வேதியியல் கற்பித்தவர். வெடிமருந்துக்குத் தேவையான அசிட்டோன் தயாரிப்பில் பிரிட்டனுக்கு உதவியவர். 1917 நவம்பர் 2 அன்று வெளியுறவு அமைச்சர் பால்ஃபர், பிரிட்டிஷ் யூதர்களின் முன்னணிப் பிரமுகரான ரோத்சைல்டு பிரபுவுக்கு ஒரு சிறிய கடிதம் எழுதினார். பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு 'தேசிய இல்லம்' அமைவதை பிரிட்டன் ஆதரிக்கிறது. அங்குள்ள யூதரல்லாத சமூகங்களின் குடிமை, மத உரிமைகளுக்குப் பங்கம் வரக் கூடாது. மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பங்கு இருந்தவர்கள் 'யூதரல்லாத சமூகங்கள்' ஆனார்கள். அவர்களுடைய அரசியல் உரிமை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அரசுக்குள் இதை மூர்க்கமாக எதிர்த்தவர் யார் தெரியுமா? நம் பாடப்புத்தகத்தில் மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று படித்தோமே, அந்த எட்வின் மாண்டேகுதான். இந்தியாவுக்கான அமைச்சர், அந்த அமைச்சரவையில் இருந்த ஒரே யூதர். பாலஸ்தீனம் யூதர்களின் தேசம் என்று அறிவித்தால் பிரிட்டனில் வாழும் யூதர்களை அந்நியர் என்று சொல்ல எல்லோருக்கும் வழி கிடைத்துவிடும் என்று எச்சரித்தார். அவர் எதிர்ப்பால் கடிதத்தின் வாசகம் கொஞ்சம் மென்மையானது. கடிதத்தை நிறுத்த அவரால் முடியவில்லை.

போர் நடந்த அதே காலத்தில் அரபுத் தலைவர் ஷெரீஃப் ஹுசைனுக்கும் சுதந்திரம் தருவதாக பிரிட்டன் எழுதியிருந்தது. பிரான்சோடு சேர்ந்து அதே பகுதியைப் பங்கு போட ரகசிய ஒப்பந்தமும் செய்திருந்தது. போர் முடிந்ததும் பாலஸ்தீனம் பிரிட்டிஷ் ஆணை ஆட்சியின் கீழ், அதாவது சர்வதேச சங்கத்தின் பெயரால் பிரிட்டன் நடத்தும் நிர்வாகத்தின் கீழ், வந்தது. 1922-இல் சர்வதேச சங்கம் அதை உறுதிப்படுத்தியபோது பால்ஃபர் கடிதத்தின் வாசகமும் ஆணையில் சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டின் கணக்கெடுப்பில் மொத்தம் 7,57,182 பேர், அதில் யூதர்கள் 83,794.

அரசுக்கு முன்னே வந்த அரசு

1948-இல் திடீரென ஒரு நாடு முளைத்தது என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். வாடகை வீட்டில் இருந்துகொண்டே சொந்த வீட்டுக்கான கதவு, ஜன்னல், அண்டா குண்டா எல்லாவற்றையும் சேர்த்து வைப்பதுபோல, பிரிட்டிஷ் ஆட்சிக்குள் இருந்தபடியே யூத சமூகம் ஓர் அரசின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கட்டியது.

1920-இல் தங்களுக்குள் தேர்தல் நடத்திப் பிரதிநிதிகள் சபை அமைத்தார்கள். அதே ஆண்டு 'ஹிஸ்தத்ருத்' தொழிலாளர் சம்மேளனம் ஹைஃபாவில் தொடங்கியது. தொழிற்சங்கம் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அதற்குச் சொந்தமாகக் கட்டுமான நிறுவனம், வங்கி, மருத்துவமனைகளோடு கூடிய நலநிதி எல்லாம் இருந்தன. சங்கமும் அதுவே, முதலாளியும் அதுவே. அதே 1920-இல் 'ஹகானா' என்ற ரகசியப் பாதுகாப்புப் படை. 1925-இல் எபிரேயப் பல்கலைக்கழகம். 1929-இல் யூத முகமை, அதாவது கிட்டத்தட்ட ஓர் அமைச்சரவை. நிலம் வாங்க 1901-லிருந்தே யூத தேசிய நிதி இருந்தது.

அரபுத் தரப்பில் இதற்கு இணையான ஏற்பாடு உருவாகவில்லை. ஹுசைனி, நஷாஷிபி என்ற இரண்டு பெரிய ஜெருசலேம் குடும்பங்களின் போட்டி தலைமையைத் தின்றது. தங்களைப் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிடாத ஆணையை ஏற்றுக்கொண்டு அதன் அமைப்புகளுக்குள் போவதா என்ற நியாயமான தயக்கமும் இருந்தது. 1929-இல் யூதர்களின் புனித இடமான ஜெருசலேம் மேற்குச் சுவரைச் சுற்றிய தகராறு நாடெங்கும் பரவியது. 133 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ஹெப்ரோனில் மட்டும் 67 பேர், அவர்களில் பலர் சியோனிசத்தோடு சம்பந்தமே இல்லாத பழைய யூதர்கள். அரபு மக்களில் 116 பேர், பெரும்பாலும் பிரிட்டிஷ் காவலர்களின் துப்பாக்கியால், செத்தார்கள்.

இந்தக் காலத்தில் யூதர்களுக்குள் இரண்டு எதிரெதிர்க் குரல்கள் வலுத்தன.

ஒன்று ஒடெஸ்ஸாவில் பிறந்த விளாதிமிர் ஜாபோடின்ஸ்கியுடையது. எழுத்தாளர், மேடையில் நெருப்பாகப் பேசுபவர். 1923-இல் 'இரும்புச் சுவர்' என்ற கட்டுரையில், மற்றவர்கள் மழுப்பியதைப் பட்டென்று உடைத்தார். எந்த மண்ணின் மக்களும் தங்கள் மண்ணை விரும்பி விட்டுக்கொடுத்ததாக வரலாறு இல்லை. அரபு மக்களும் ஒரு தேசம்தான், முட்டாள்கள் அல்ல, எதிர்க்கத்தான் செய்வார்கள். எனவே அவர்களால் உடைக்க முடியாத ஓர் ஆயுத பலத்துக்குப் பின்னால்தான் குடியேற்றம் வளர முடியும், நம்பிக்கை இழந்த பிறகே அவர்கள் பேச்சுக்கு வருவார்கள் என்றார். அவர்களை விரட்ட வேண்டும் என்று அவர் எழுதவில்லை. சம உரிமை தரலாம் என்றார், யூதப் பெரும்பான்மையின் கீழ். 1925-இல் திருத்தல்வாதக் கட்சியைத் தொடங்கினார். யோர்தான் ஆற்றின் இரு கரையும் வேண்டும் என்று கேட்ட கட்சி அது. 1931-இல் ஹகானாவிலிருந்து பிரிந்த 'இர்குன்' படையும் பிற்பாடு இந்தப் பாசறைக்குள் வந்தது.

இன்னொன்று 'பிரித் ஷாலோம்' குழு. 1925-இல் ஜெருசலேமில் சில அறிஞர்கள் சேர்ந்து அமைத்தது. யூதர்களும் அரபு மக்களும் சம உரிமையோடு பகிரும் ஒரே நாடு என்பது அவர்கள் கோரிக்கை. எபிரேயப் பல்கலைக்கழகத் தலைவர் யூதா மாக்னஸும் தத்துவவாதி மார்ட்டின் பூபரும் இதே சிந்தனைப் போக்கினர். எண்ணிக்கை சில நூறைத் தாண்டவில்லை. எதிர்ப்பக்கத்தில் கைகோக்க அரபுத் தலைவர்களும் அதிகம் கிடைக்கவில்லை.

இரண்டுக்கும் நடுவே பென் குரியனின் தொழிலாளர் கட்சியான 'மாப்பாய்' எல்லா நிறுவனங்களையும் கையில் வைத்திருந்தது. வாயளவில் சமரசம், செயலில் ஏக்கர் ஏக்கராக முன்னேற்றம். ஜாபோடின்ஸ்கி பேசியதை பென் குரியன் சத்தமில்லாமல் செய்தார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மை என்றே படுகிறது. பிரிவினைத் திட்டம் வந்தபோது, கிடைப்பதை வாங்கிக்கொள்வோம் என்று இறங்கிவர பென் குரியனால் முடிந்தது, ஜாபோடின்ஸ்கியால் முடியவில்லை.

இரு பாசறைகளின் பகை எவ்வளவு கசந்திருந்தது என்பதற்கு 1933 சாட்சி. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், ஜெர்மானிய யூதர்கள் தங்கள் சொத்தின் ஒரு பகுதியைப் பொருளாக மாற்றிக்கொண்டு பாலஸ்தீனம் வர ஓர் ஒப்பந்தத்துக்கு யூத முகமை பேச்சு நடத்தியது. திருத்தல்வாதிகளோ ஜெர்மன் பொருட்களைப் புறக்கணிக்கச் சொன்னவர்கள். இதைத் துரோகம் என்றார்கள். பேச்சில் முன்னின்ற ஹைம் அர்லோசொரோஃப் ஜூன் மாதம் டெல் அவிவ் கடற்கரையில் சுட்டுக் கொல்லப்பட்டார். யார் சுட்டது என்பது இன்றுவரை தீராத வழக்கு. ஒப்பந்தம் நிறைவேறி, 50,000-க்கும் மேற்பட்டோர் அதன் வழியாகத் தப்பினார்கள்.

1936 முதல் 1939 வரை

ஐரோப்பாவில் நெருக்கடி முற்ற முற்றக் கப்பல்கள் நிறைந்து வந்தன. 1935-இல் மட்டும் 60,000-க்கு மேல். தங்கள் நாட்டிலேயே சிறுபான்மையாகிவிடுவோம் என்ற அச்சத்தில் 1936 ஏப்ரலில் அரபு மக்கள் பொது வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது மூன்றாண்டு கிளர்ச்சியானது. பிரிட்டன் ராணுவத்தை இறக்கி நசுக்கியது. ஆயிரக்கணக்கான அரபு மக்கள் இறந்தார்கள், தலைவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள் அல்லது தப்பியோடினார்கள். பத்தாண்டு கழித்து உண்மையான போர் வந்தபோது அவர்களிடம் ஆயுதமும் இல்லை, தலைமையும் இல்லை. காரணம் பெருமளவு இங்கேதான் இருக்கிறது.

நடுவே 1937-இல் பிரிட்டன் அமைத்த பீல் விசாரணைக் குழு நாட்டைப் பிரிக்கலாம் என்றது. ஐந்தில் ஒரு பகுதி அளவு யூத அரசுக்கு, அங்குள்ள அரபு மக்களை இடம் மாற்றலாம் என்ற யோசனையோடு. பென் குரியனுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. அரபுத் தரப்பு முழுவதுமாக மறுத்தது.

காந்தி இந்த விவாதத்துக்குள் வந்தது 1938 நவம்பரில். தன் ஹரிஜன் இதழில், யூதர்கள் மீது தனக்கு முழு அனுதாபம் உண்டு, ஆனாலும் இங்கிலாந்து ஆங்கிலேயருக்குச் சொந்தமானது எப்படியோ அப்படியே பாலஸ்தீனம் அரபு மக்களுக்குச் சொந்தம் என்று எழுதினார். ஜெர்மானிய யூதர்கள் சத்தியாகிரகம் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அந்த ஆண்டுதான் ஜெர்மனியை விட்டு ஜெருசலேம் வந்திருந்த பூபர் நீண்ட பதில் எழுதினார். நாஜி முகாமில் சத்தியாகிரகம் செய்தால் பார்க்கக்கூட ஆள் இருக்காது என்பது ஒரு வாதம். ஒரே நிலத்தின் மேல் இரண்டு உரிமைகள் மோதுகின்றன, ஒன்றை அழித்து மற்றொன்றைத் தூக்க முடியாது என்பது இன்னொன்று. அரபு மக்களோடு சமமாக வாழ வேண்டும் என்று இருபது ஆண்டுகள் பேசிய சியோனிஸ்ட் எழுதிய கடிதம் அது. படித்தால் காந்தியிடமும் பூபரிடமும் நியாயம் இருப்பது தெரியும்.

1939 மே மாதம் பிரிட்டன் திசையை மாற்றியது. அடுத்த ஐந்து ஆண்டில் 75,000 யூதர்களுக்கு மட்டுமே அனுமதி, அதன்பின் அரபு ஒப்புதல் வேண்டும், பத்தாண்டில் சுதந்திர பாலஸ்தீனம் என்றது 'வெள்ளை அறிக்கை' எனப்பட்ட அதன் கொள்கை அறிக்கை. ஐரோப்பிய யூதர்கள் தப்பியோட வேண்டிய நேரத்தில் கதவு சாத்தப்பட்டது. அமெரிக்காவின் கதவும் ஏற்கெனவே முக்கால்வாசி மூடித்தான் இருந்தது. பென் குரியன் சொன்ன வாசகம் பிரபலம்: வெள்ளை அறிக்கையே இல்லை என்பதுபோல ஹிட்லருக்கு எதிராகப் போரிடுவோம், போரே இல்லை என்பதுபோல வெள்ளை அறிக்கையை எதிர்ப்போம்.

60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். புண்ட் கட்சி வேரூன்றியிருந்த வில்னாவும் வார்சாவும் யூதர்களே இல்லாத நகரங்களாயின. வாழும் ஊரிலேயே உரிமை பெறுவோம் என்ற வாதம் சொல்லித் தோற்கவில்லை, சொன்னவர்கள் கொல்லப்பட்டதால் நின்றுபோனது. 1942 மே மாதம் நியூயார்க்கின் பில்ட்மோர் ஓட்டலில் கூடிய சியோனிசத் தலைவர்கள், பாலஸ்தீனம் ஒரு யூதக் குடியரசாக வேண்டும் என்று முதன்முறையாக வெளிப்படையாகக் கேட்டார்கள்.

துப்பாக்கியும் தீர்மானமும்

1944-இல் மெனாகெம் பெகின் தலைமையில் இர்குன் பிரிட்டிஷாருக்கு எதிராகக் கிளர்ச்சி அறிவித்தது. அதிலிருந்து முன்பே பிரிந்திருந்த 'லெஹி' குழு, பிரிட்டிஷ் அமைச்சர் மோய்ன் பிரபுவை கெய்ரோவில் சுட்டுக் கொன்றது. பென் குரியன் தரப்பு சில மாதங்கள் இர்குன் ஆட்களைப் பிடித்து பிரிட்டிஷாரிடமே ஒப்படைத்தது. போர் முடிந்ததும் ஹகானா, இர்குன், லெஹி மூன்றும் கைகோத்தன. 1946 ஜூலை 22 அன்று பிரிட்டிஷ் நிர்வாகம் இயங்கிய கிங் டேவிட் ஓட்டலை இர்குன் வெடிவைத்துத் தகர்த்ததில் 91 பேர் இறந்தார்கள்: பிரிட்டிஷார், அரபுக்காரர்கள், யூதர்கள். கூட்டணி உடைந்தது.

போரில் காசு கரைந்து, இந்தியாவையும் விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த பிரிட்டன் 1947-இல் பிரச்சினையை ஐ.நா.விடம் தள்ளியது. ஆய்வுக்குழுவின் பதினொரு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நீதிபதி அப்துர் ரஹ்மான் பிரதிநிதி. பெரும்பான்மை பிரிவினையைச் சொன்னது. இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் இரண்டு மாநிலங்கள் கொண்ட ஒரே கூட்டாட்சி என்றன. நவம்பர் 29 அன்று வாக்கெடுப்பு: ஆதரவு 33, எதிர்ப்பு 13, நடுநிலை 10. அமெரிக்காவும் சோவியத்தும் ஆதரித்தன. மூன்று மாதம் முன்புதான் பிரிவினையில் வெந்திருந்த இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பக்கம் நின்று எதிர்த்தன.

மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு, நில உடைமையில் சுமார் 7 சதவீதம் இருந்த யூதர்களுக்குப் பாதிக்கும் மேற்பட்ட நிலம் ஒதுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி நெகேவ் பாலைவனம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த யூத அரசுக்குள் சுமார் 5 லட்சம் யூதர்களும் 4 லட்சம் அரபு மக்களும் இருப்பார்கள் என்பது கணக்கு. பென் குரியன் ஏற்றார், இர்குன் மறுத்தது, அரபு நாடுகள் மறுத்தன. மறுநாளே சண்டை தொடங்கியது. 1948 ஏப்ரல் 9 அன்று தெய்ர் யாசின் கிராமத்தில் இர்குனும் லெஹியும் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றன. நான்கு நாள் கழித்து ஜெருசலேமில் மருத்துவமனைக்குப் போன யூத வாகன வரிசை தாக்கப்பட்டு எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தெய்ர் யாசின் செய்தி பரவியதும் ஊர் ஊராக மக்கள் கிளம்பினார்கள்.

மே 14, வெள்ளிக்கிழமை மாலை, யூதர்களின் ஓய்வுநாள் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், டெல் அவிவ் அருங்காட்சியகத்தில் ஹெர்ஸல் படத்தின் கீழ் நின்று பென் குரியன் இஸ்ரேலை அறிவித்தார். எல்லை எது என்று பிரகடனத்தில் இல்லை, வேண்டுமென்றேதான். கடவுள் பெயர் வர வேண்டும் என்று மதப்பிரிவு, கூடாது என்று இடதுசாரிகள். கடைசியில் 'இஸ்ரேலின் பாறை' என்று எழுதி இருவரையும் சமாளித்தார்கள். மறுநாள் அரபு நாட்டுப் படைகள் உள்ளே வந்தன. அடுத்த மாதமே இன்னொரு மோதல்: ஆயுதத்தோடு வந்த இர்குன் கப்பல் 'அல்தலேனா'வைச் சுடச் சொன்னார் பென் குரியன். ஒரு நாட்டுக்கு ஒரு படைதான் என்றார். யூதர் சுட்டு யூதர் இறந்த அந்த நாளைப் பெகின் தரப்பு மறக்கவே இல்லை.

1949-இல் போர்நிறுத்தக் கோடுகள் வரையப்பட்டபோது இஸ்ரேலின் கையில் 78 சதவீதம் நிலம் இருந்தது. மேற்குக் கரை யோர்தானிடம், காஸா எகிப்திடம். ஏறத்தாழ 7 லட்சம் பாலஸ்தீனர்கள் பயந்து ஓடியும் விரட்டப்பட்டும் அகதிகளானார்கள். லித்தா, ரம்லா ஊர்களிலிருந்து ஜூலையில் ஐம்பதாயிரம் பேர் ஒரேயடியாக வெளியேற்றப்பட்டார்கள். 400-க்கும் மேற்பட்ட கிராமங்கள் காலியாகின, திரும்பி வர அனுமதி இல்லை. பாலஸ்தீனர்கள் இதை 'நக்பா', பேரழிவு, என்கிறார்கள். ஜெருசலேம் பழைய நகரின் யூதக் குடியிருப்பும் காலியாக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் ஈராக், ஏமன், மொராக்கோ போன்ற நாடுகளிலிருந்து லட்சக்கணக்கான யூதர்கள் இஸ்ரேல் வந்தார்கள், பலர் எல்லாவற்றையும் இழந்து.

இன்றைய செய்தியைப் படிக்க

1949 ஜனவரித் தேர்தலில் 120 இடங்களில் மாப்பாய் 46 பெற்றது. தொழிலாளர் பிரிவின் ஆட்சி 1977 வரை நீடித்தது. அந்த ஆண்டு வென்றவர் பெகின். அவருடைய லிக்குட் கட்சி ஜாபோடின்ஸ்கி பாசறையின் வாரிசு. அதன் தலைவராக நெடுங்காலம் இருந்துவரும் நெதன்யாகுவின் தந்தை ஜாபோடின்ஸ்கியிடம் உதவியாளராக இருந்தவர். மேற்குக் கரையில் குடியேற்றங்களை முன்னின்று நடத்துவது மதவழிச் சியோனிசம். 1902-இல் வில்னாவில் தொடங்கிய 'மிஸ்ராஹி' என்ற மிதமான கட்சிதான் அதன் மூதாதை, 1967 போருக்குப் பிறகு அதன் முகம் அடியோடு மாறியது. நாடாளுமன்றத்தில் கறுப்புத் தொப்பியோடு அமர்ந்திருக்கும் அதிதீவிர வைதிகக் கட்சிகளில் பல சித்தாந்தப்படி இன்னும் சியோனிஸ்டுகளே அல்ல. மியூனிக்கில் எதிர்த்தவர்களுக்கு நாட்டு விசுவாசம் பற்றிய கவலை, இவர்களுக்கு மதக் காரணம். பள்ளி நிதிக்காகவும் ராணுவச் சேவை விலக்குக்காகவும் பல அரசுகளில் பங்கேற்று வந்திருக்கிறார்கள். பிரித் ஷாலோமுக்குத்தான் வாரிசாகக் கட்சி எதுவும் இல்லை. சில எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் பாலஸ்தீன நண்பர்களோடு சேர்ந்து அந்த ஒரே நாட்டு யோசனையை அவ்வப்போது எடுத்துப் பேசுகிறார்கள். தேர்தலில் அதற்கு ஓட்டு விழுவதில்லை.